ஓர் ஆந்தையும் ஒரு கண்ணும்

இரு சிறகுகளையும் உயர்த்தி, அலகில் வயலெலியைக் கவ்வியவாறு அந்தரத்தில் நிற்கும் கூகையின் படம் ஒன்று உண்டு. பழங்கால அரச முத்திரையில் பொறித்த உருவோ என ஐயுறத் தோன்றும். 1948-ஆம் ஆண்டில் அதனை எடுத்தவர் ஆங்கிலேயரான எரிக் ஹாஸ்கிங். கூகையின் அழகில் மயங்கும் நாம், படமெடுத்தவருக்கு அப்போது ஒரு கண்தான் இருந்தது என்பதை அறிவதில்லை.

பறவையை அறிய அதனைச் சுட்டு வீழ்த்திப் பஞ்சடைத்து வைப்பதே வழக்கமாயிருந்த காலம் ஒன்று இருந்தது. 1882-இல் பிரான்சு நாட்டு மாரே என்பவர் பறத்தலை ஆராய ஒரு கருவி செய்தார். நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் எடுக்கும் அக்கருவிக்கு அவர் தந்த வடிவம் துப்பாக்கியே! பழக்கம் எளிதில் விடுமா என்ன?

1909-இல் இலண்டனில் பிறந்த ஹாஸ்கிங், மறைவிடம் அமைத்துக் காத்திருக்கும் வழியைக் கைக்கொண்டார். உயரமான மேடை, அதன்மேல் துணிக்கூடாரம், உள்ளே கேமரா. பறவை அதற்குப் பழகும்வரை பொறுமை வேண்டும். 1937 மே மாதம், வேல்சு நாட்டில் பழுப்பு நிறக் காட்டாந்தை ஒன்றின் கூட்டருகே இவ்வாறு மேடை எழுப்பியிருந்தார். ஓரிரவு இருளில் அவர் மேடைமீது ஏறிக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒன்று முகத்தில் அறைந்தது. இறகோசை சிறிதும் கேட்கவில்லை. ஆந்தையின் சிறகு விளிம்பிலுள்ள மெல்லிய பற்கள் காற்றின் ஒலியை அடக்கிவிடுகின்றன. இரையும் அதனை அறியாது, பகைவனும் அறியான். அதன் நகம் இடக்கண்ணில் பாய்ந்திருந்தது.

காயத்தில் நஞ்சேறியது. பென்சிலின் மருத்துவர் கைக்கு வராத காலம் அது. காயமுற்ற கண்ணை அகற்றாவிடில் மற்றதும் பறிபோகலாம் என்றனர். அகற்றவே இசைந்தார். படமெடுப்பவனுக்குக் கண் என்பது உழவனுக்கு நிலம் போன்றதன்றோ! அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

ஆந்தையைக் கொடியது எனக் கூற நமக்கு மனமில்லை. இருளில் தன் கூட்டை நோக்கி ஏறிவந்த உருவத்தை அது தாக்கியது, அவ்வளவே. ஹாஸ்கிங்கும் அவ்வாறே எண்ணியிருக்க வேண்டும். குணமானபின் மீண்டும் ஆந்தைகளையே தேடிச் சென்றார்.

அமெரிக்காவில் 1930-களில் எட்ஜர்ட்டன் மேம்படுத்திய மின்னணு ஒளிவீச்சு, நொடியை ஆயிரக்கணக்கான கூறுகளாக்கி, அதில் ஒரு கூறளவே ஒளிர்வது. போருக்குப்பின் ஹாஸ்கிங் அதனைப் பயன்படுத்தினார். இருளில் மனிதர் எவரும் தெளிவுறக் கண்டிராத கூகையின் சிறகசைவு அவ்வாறுதான் படத்தில் உறைந்தது. 1970-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலுக்கு அவர் இட்ட பெயரை, ‘பறவைக்கு ஒரு கண்’ எனத் தமிழாக்கலாம். சிலேடைதான், ஆனால் சிரிக்க இயலவில்லை. 1991-இல் அவர் மறைந்தார்.

1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரிட்டனில் கூட்டிலிருக்கும் கூகையின் அமைதியைக் குலைத்துப் படமெடுக்க உரிமம் வேண்டும். ஹாஸ்கிங்கின் கண்ணைப் பறித்த காட்டாந்தையினம் அச்சிறப்புப் பட்டியலில் இடம்பெறவில்லை. தன் கூட்டைக் காக்கும் பொறுப்பு இன்னமும் பெரும்பாலும் அதன் நகங்களிடமே இருக்கிறது.