மிசோரம்: மூங்கில் பூத்ததால் வந்த போர்

மூங்கில் பூப்பதால் ஒரு போர் மூளுமா? இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் அப்படித்தான் நடந்தது. அந்தப் போர் முடிய 20 ஆண்டுகள் ஆயின.

பஞ்சம்

இன்றைய மிசோரம் அப்போது அசாம் மாநிலத்தின் ஒரு மாவட்டம். ஒரு பக்கம் கிழக்கு பாகிஸ்தான், மறுபக்கம் பர்மா. அங்குள்ள ஒரு வகை மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். அதன் காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய்கள் தீர்ந்ததும் வயல்களுக்குள் புகுந்து தானியத்தை அழிக்கும். இந்தப் பஞ்சத்தை மிசோ மக்கள் 'மவ்தாம்' என்பார்கள்.

1958-லேயே மாவட்டக் கவுன்சில் அசாம் அரசை எச்சரித்தது. பழங்குடியினரின் மூடநம்பிக்கை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். 1959-ல் பஞ்சம் வந்தது. நிவாரணப் பணிக்காகத் தோன்றிய அமைப்பு ஒன்று 1961 அக்டோபரில் மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் கட்சியாக மாறியது. அதன் தலைவர் லால்டெங்கா, முன்பு இந்திய இராணுவத்தில் பணியாற்றியவர். இதற்கிடையே 1960-ல் அசாமிய மொழி ஆட்சிமொழியானதும் மக்களின் கோபத்தை வளர்த்தது.

மார்ச் 1966

1966 பிப்ரவரி 28 இரவு பல ஊர்களில் ஒரே நேரத்தில் தாக்குதல் தொடங்கியது. மறுநாள் சுதந்திரப் பிரகடனம் வெளியானது. அய்சாலில் அசாம் ரைஃபிள்ஸ் முகாம் முற்றுகைக்கு உள்ளானது. மார்ச் 5-ம் தேதி விமானப்படை அய்சால் மீது குண்டு வீசியது. சொந்த நாட்டு மண்ணில் சொந்த மக்கள் வாழும் ஊர் மீது இந்திய விமானங்கள் குண்டு வீசிய ஒரே நிகழ்வாக இது சொல்லப்படுகிறது. விமானங்கள் போட்டவை உணவுப் பொருட்களே என்று அரசு அப்போது விளக்கம் தந்தது.

இடம் பெயர்ந்த கிராமங்கள்

ஊர்களை இராணுவம் விரைவில் மீட்டது. ஆனால் போராளிகள் காடுகளுக்குள் போய்விட்டார்கள். கிராமங்களில் இருந்து அவர்களுக்கு அரிசியும் தகவலும் கிடைத்தன. இதைத் துண்டிக்க 1967-ல் ஒரு திட்டம் வந்தது. மலாயாவில் ஆங்கிலேயர் 1950-களில் கையாண்ட முறையே இதற்கு முன்மாதிரி. சிதறிக் கிடந்த கிராமங்களைக் காலி செய்து, சாலையோரம் பாதுகாப்புப் படையின் கண்காணிப்பில் மக்களைக் குடியமர்த்தினார்கள். பழைய வீடுகள் பல எரிக்கப்பட்டன. மொத்தம் 500-க்கும் மேற்பட்ட கிராமங்கள் இப்படி மாறின.

இராணுவத்தின் கணக்கில் இது பயன் தந்தது. மக்களின் கணக்கோ வேறு. மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்பவர்கள் அவர்கள். வயல் தொலைவில் போய்விட்டது. ஊரடங்குக்குள் திரும்பவும் வேண்டும். விளைச்சல் வீழ்ந்தது, ரேஷன் அரிசியை நம்பி வாழ நேர்ந்தது. யாருடைய ஆதரவு அரசுக்குத் தேவையோ, அவர்களுக்கே தண்டனை கிடைத்தது!

எல்லைக்கு அப்பால்

போராளிகளுக்குப் பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. அவர்களின் முகாம்கள் கிழக்கு பாகிஸ்தானின் சிட்டகாங் மலைப்பகுதியில் இருந்தன. 1971-ல் வங்கதேசம் பிறந்ததும் அந்தப் புகலிடம் பறிபோனது. 1972-ல் மிசோரம் அசாமில் இருந்து பிரிந்து யூனியன் பிரதேசமானது. இராணுவ அழுத்தத்தோடு அரசியல் கதவும் திறந்தது இப்போதுதான். 1976-ல் ஏற்பட்ட உடன்பாடு நிலைக்கவில்லை. தேவாலயங்கள் தொடர்ந்து சமாதானத்தை வலியுறுத்தின.

உடன்பாடு

1986 ஜூன் 30-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பதவியில் இருந்த காங்கிரஸ் முதல்வர் லால் தன்ஹாவ்லா விலகி லால்டெங்காவுக்கு இடம் கொடுத்தார். 1987 பிப்ரவரி 20-ல் மிசோரம் தனி மாநிலமானது. அதன் பிறகு அந்த இயக்கம் மீண்டும் ஆயுதம் எடுக்கவில்லை.

2007-ஐ ஒட்டி மூங்கில் மறுபடி பூத்தது. அப்போது முதல்வராக இருந்தவர் ஜோரம்தங்கா, காட்டில் லால்டெங்காவோடு இருந்தவர். இம்முறை எச்சரிக்கையை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. எலி வாலைக் கொண்டு வந்தவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. பயிர்கள் அழிந்தன, கஷ்டமும் இருந்தது. ஆனால் யாரும் துப்பாக்கி தூக்கவில்லை.

1958-லும் இதே அக்கறையைக் காட்டியிருந்தால், அய்சால் மீது விமானங்கள் பறந்திருக்குமா?