கும்பினியார் முதல் கம்பெனி வரை: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் ஒரு சொல்லின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் அன்றாடப் பேச்சில் மிகுதியாகப் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘கம்பெனி’ முதன்மையானது. இச்சொல் இப்பகுதிக்கு ஆட்சியின் பெயராக வந்து, நாடகக் குழுவின் பெயராகவும் வணிக நிறுவனத்தின் பெயராகவும் வளர்ந்து, இன்று பணியிடத்தின் பெயராக நிலைபெற்றுள்ளது. பொருள் மாறியபோதெல்லாம் அதன் இலக்கண நடையும் மாறியுள்ளது. அம்மாற்றங்களை வரலாற்று நோக்கில் வகைப்படுத்துவதும், ஒரே சொல் பல பொருளைச் சுமப்பதால் தொழிலாளர் உரிமையில் எழும் சிக்கலைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: கும்பினி, கம்பெனி, பாராமகால், சிப்காட், ஒப்பந்தத் தொழிலாளர், சொற்பொருள் மாற்றம்.

முன்னுரை

பிறமொழிச் சொல் ஒன்று தமிழில் கலக்கும்போது, மூலமொழியில் அதற்குள்ள பொருள்கள் அனைத்தும் ஒருசேர வந்துவிடுவதில்லை. எந்தக் காலத்தில், யார் வழியாக வந்ததோ அதற்கேற்ற பொருளே முதலில் வேர்கொள்கிறது. பிற பொருள்கள் பின்னர் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஆகவே கடன்சொல்லின் பொருள் அடுக்குகளைப் பிரித்துக் காண்பது ஒருவகையில் வட்டார வரலாற்றைக் காண்பதேயாகும்.

இதற்குத் தக்க சான்றாக ‘கம்பெனி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் அருகருகே வழங்கும் ஓசூர்ப் பகுதியில், மும்மொழியினரும் தத்தம் ஒலிமரபிற்கு ஏற்ப ஏற்றுக்கொண்ட சொல் இது. பழைய வழக்கில் தமிழில் கும்பினி என்றும், கன்னடத்தில் கும்பணி என்றும், தெலுங்கில் கும்பிணி என்றும் வழங்கிய வடிவங்கள் ஒரே வரலாற்றுச் சூழலின் மூன்று பதிவுகளாகும்.

மூலமொழியில் சொல்லின் பொருள்

ஆங்கிலம் இச்சொல்லைப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்றது. அதன் அடி இலத்தீன் மொழியைச் சார்ந்தது. ‘உடன்’ என்னும் பொருளுடைய முன்னொட்டும், ‘ரொட்டி’ என்னும் பொருளுடைய ‘பானிஸ்’ என்னும் பெயரும் இணைந்து, ‘ஒன்றாக அமர்ந்து உண்பவர்’ என்னும் பொருளைத் தந்தன. அதிலிருந்து தோழமை, விருந்தினர் கூட்டம், படைப்பிரிவு, கப்பல் பணியாளர் தொகுதி, கைவினைஞர் சங்கம், வணிகக் கூட்டு எனப் பொருள்கள் கிளைத்தன. இவை அனைத்திலும் பொதுவாக இருப்பது மனிதரின் சேர்க்கை. கட்டடமோ எந்திரமோ இச்சொல்லின் மூலப்பொருளில் இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

வணிகர் சேர்க்கையைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. சாத்து, மணிக்கிராமம், நானாதேசி, ஐந்நூற்றுவர் முதலியன இலக்கியத்திலும் கல்வெட்டுகளிலும் காணப்படுவன. ஐந்நூற்றுவர் குழுவோ கன்னட நாட்டு ஐகொளெ நகரத்தோடு தொடர்புடையது. தமிழகத்தையும் கருநாடகத்தையும் வணிகத்தால் பிணைத்தது. இவ்வளவு மரபு இருந்தும் ஐரோப்பிய வணிகக் குழுவிற்கு இப்பெயர்களுள் ஒன்றும் நிலைபெறவில்லை. வணிகக் குழு என்பதைவிட வரி தண்டும் ஆட்சியாகவே அது மக்களுக்கு அறிமுகமாயிற்று என்பதை இதற்கு ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

கும்பினியார்: ஆட்சியின் பெயர்

1600 டிசம்பர் 31 அன்று அரசியின் பட்டயத்தால் தோன்றிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் இவ்வட்டாரத்தை அடைந்தது. 1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டின உடன்படிக்கைப்படி, கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது. ஓசூரை உள்ளிட்ட பாலகாட் மேட்டுநிலம் 1799 ஆம் ஆண்டின் நான்காம் மைசூர்ப் போருக்குப் பின்னரே கம்பெனியின் ஆட்சிக்குள் நிலையாக வந்தது. இன்று ஒரே மாவட்டத்தில் உள்ள இவ்விரு ஊர்களும் ‘கும்பினி’ ஆட்சியில் ஏழாண்டு இடைவெளியில் நுழைந்தன.

பாராமகாலின் நிருவாகம் கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குத் துணையாகப் பணியாற்றியவர்களுள் ஒருவர் பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, உழுபவரோடு நேரடியாக வரித் தொடர்பை ஏற்படுத்தும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கம்பெனி இம்முறையைக் கைவிட்டு, நிலங்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலத்தில் விற்றது. உழவருக்கும் கம்பெனிக்கும் இடையில் மிட்டாதாரர் என்னும் இடையாள் வந்தார். பல மிட்டாக்கள் வரி செலுத்த இயலாமல் சரிந்து அரசின் கைக்கே திரும்பின. நேரடித் தொடர்பு, இடையாள், மீண்டும் நேரடித் தொடர்பு என்னும் இவ்வரலாறு இன்றைய நிலையை விளங்கிக்கொள்ளவும் உதவும்.

இக்காலச் சொல்வடிவத்தில் ஓர் இலக்கணக் கூறு குறிப்பிடத்தக்கது. ‘கும்பினி’ என்பதோடு ‘ஆர்’ ஈறு சேர்ந்து ‘கும்பினியார்’ என்றாயிற்று. ஊரார், நாட்டார், நகரத்தார் என்பன போல இதுவும் உயர்திணைப் பலர்பால் வடிவமாகும். முகம் தெரியாத தொலைதேச அமைப்பாயினும், அது மனிதரின் கூட்டம் என்னும் உணர்வு இவ்வடிவத்தில் எஞ்சியிருந்தது. 1858 இல் ஆட்சி பிரித்தானிய அரசியிடம் சென்றது. 1874 இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ‘கும்பினியார்’ என்னும் வடிவமும் மெல்ல வழக்கிழந்தது.

நாடகமும் கப்பலும்: இடைக்காலப் பொருள்கள்

ஆட்சியாளரின் பெயராக இருந்த சொல் அடுத்த அரை நூற்றாண்டில் மக்களின் சொந்த முயற்சிகளுக்குப் பெயராயிற்று. ஊர் ஊராகச் சென்று நடித்த குழுக்கள் தம்மைக் கம்பெனி என்றே அழைத்துக்கொண்டன. எம்.ஜி.ஆர். இளமையில் நடித்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி தமிழில் நன்கறியப்பட்ட சான்று. கருநாடகத்தில் 1884 இல் தொடங்கிய குப்பி நாடகக் கம்பெனி புகழ்பெற்றது. அங்கே ‘கம்பெனி நாடகம்’ என்பது ஒரு நாடக வகைக்கே பெயராக நிலைத்துவிட்டது. ஒரே கூரையின்கீழ்த் தங்கி, ஒரே அடுப்பில் உண்டு, ஒன்றாக ஊர் பெயர்ந்த இக்குழுக்களில்தான் ‘உடன் உண்பவர்’ என்னும் மூலப்பொருள் ஏறத்தாழ முழுமையாக வெளிப்பட்டது எனலாம்.

1906 இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி மற்றொரு திருப்பம். அயலாரின் ஆட்சியைச் சுட்டிய சொல்லே அவ்வாட்சிக்கு எதிரான வணிக முயற்சியின் பெயராயிற்று. பலர் பங்கு சேர்த்து நடத்தும் தொழில் என்னும் பொருள் தமிழர் நடுவே பரவ இம்முயற்சி துணைசெய்தது.

படைப்பிரிவு என்னும் பொருள் காவல்துறை, துணை இராணுவம் பற்றிய செய்திகளில் இன்றும் உள்ளது. ‘கம்பெனி கொடுத்தல்’ என்னும் பேச்சு வழக்கு, தேநீர் அருந்தவோ பயணம் செய்யவோ உடனிருத்தலைக் குறிக்கிறது. கடைத்தெருவில் ‘கம்பெனிப் பொருள்’ என்றால் பெயர் பெற்ற நிறுவனத்தின் நம்பகமான சரக்கு எனப் பொருள். அதற்கு எதிர்ச்சொல் ‘லோக்கல்’ என்பது.

பணியிடத்தின் பெயர்

1971 இல் தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட் தோற்றுவிக்கப்பட்டது. பின்தங்கிய பகுதிகளில் தொழில் வளர்க்கும் கொள்கையின்கீழ் ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்தது. பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தேசிய நெடுஞ்சாலையில், மிதமான தட்பவெப்பத்தில் இருந்தமை இவ்வூருக்குச் சாதகமாயிற்று. 1980 இல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்ட் அக்காலத்திலேயே இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984 இல் உருவாக்கிய டைட்டன், தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்கு நிறுவியது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019 இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அண்மையாண்டுகளில் மின்னணு உதிரிபாகங்களும் மின்சார இருசக்கர வாகனங்களும் செய்யும் ஆலைகள் மாவட்டத்திற்கு வந்துள்ளன.

கேழ்வரகும் அவரையும் விளைந்த புன்செய் ஊர்களிலிருந்து பணிக்குச் சென்றோர் தம் பணியிடத்தைக் ‘கம்பெனி’ என்றனர். இது தமிழகம் முழுமைக்கும் பொதுவான வழக்கன்று. கோயம்புத்தூரில் பஞ்சாலை ‘மில்லு’. சிவகாசி வட்டாரத்தில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’. திருப்பூரில் ‘பனியன் கம்பெனி’. மில் என்பது எந்திரத்தால் வந்த பெயர். ஆபீஸ் என்பது இடத்தால் வந்த பெயர். கம்பெனி என்பது உரிமையாளரான அமைப்பால் வந்த பெயர். திருப்பூரில் அவ்வுரிமையாளர் பெரும்பாலும் உள்ளூரில் கண்ணால் காணத்தக்கவர். ஓசூர்ப் பெருந்தொழில்களிலோ அவ்வமைப்பின் தலைமையிடம் பெரும்பாலும் வேறு நகரத்தில் உள்ளது. தலைமை தொலைவில் இருக்க, அதன் பெயர் மட்டும் ஊரில் வழங்கும் நிலை கும்பினிக் காலத்தை நினைவூட்டுவது.

இலக்கணமும் இங்கு மாறியது. ‘கம்பெனிக்குப் போகிறேன்’, ‘கம்பெனியில் இருக்கிறான்’ என வேற்றுமை உருபேற்கையில் அது இடப்பெயர். ‘கம்பெனி போனஸ் கொடுக்கிறது’, ‘கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை’ என எழுவாயாகும்போது அஃறிணை ஒருமை. உயர்திணைப் பன்மையாயிருந்த ‘கும்பினியார்’, மனிதர் அற்ற ‘அது’ ஆகிவிட்டது. பங்குதாரரினின்றும் வேறான தனிச் சட்ட ஆளாகக் கம்பெனியைக் கருதும் கோட்பாட்டை 1896 இல் சாலமன் வழக்கில் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது; இந்தியக் கம்பெனிச் சட்டங்களும் அக்கோட்பாட்டையே பின்பற்றுகின்றன. சட்டம் வகுத்த பிரிவினையைப் பேச்சுத்தமிழ் தன் திணை மாற்றத்தால் பதிவுசெய்துள்ளது.

பொருள் மயக்கமும் உரிமையும்

ஓரிடத்தில் பணிபுரியும் அனைவரும் ‘கம்பெனிக்குப் போகிறவர்கள்’. ஆனால் அவர்கள் அனைவரும் ‘கம்பெனி ஆட்கள்’ அல்லர். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் எனப் பாகுபாடு உண்டு. இடப்பொருளில் சொல் எல்லோரையும் உள்ளடக்குகிறது. சட்ட அமைப்பு என்னும் பொருளில் பலரை வெளியே நிறுத்துகிறது. ஊதியம் குறைந்தபோதோ விபத்து நேர்ந்தபோதோ ‘கம்பெனியைக் கேள்’ என்றால், அது நிறுமமா, தொழிற்சாலையா, ஆள் அனுப்பிய ஒப்பந்தக்காரரா என்பது தெளிவில்லாமல் போகிறது.

சட்டங்கள் இம்மயக்கத்தைப் பிரித்தே பார்த்தன. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் ‘தொழிலாளர்’ என்னும் வரையறை, ஒப்பந்தக்காரர் வழியாக வந்தோரையும் உள்ளடக்கியது. 250 பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் உணவகம் வேண்டும் என்னும் அதன் விதி, ஆள் யாருடைய ஏட்டில் உள்ளார் எனப் பாராமல் பணியிடத்தையே அளவாகக் கொண்டது. 1970 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ‘முதன்மை வேலையளிப்பவர்’, ‘ஒப்பந்தக்காரர்’ என இருவரை வரையறுத்தது. ஒப்பந்தக்காரர் ஊதியம் தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே தரவேண்டும் என்றது. இச்சட்டத்தை உள்ளடக்கும் விதித்தொகுப்பு 2020 இல் நிறைவேறியது. மறுபுறம், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிறுவனப் பணியாளர் ஆகிவிடுவதில்லை என உச்ச நீதிமன்றம் 2001 இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே யாருக்கு எந்த அளவில் பொறுப்பு என்பது சொல்லின் எந்தப் பொருளை எடுத்துக்கொள்கிறோம் என்பதைச் சார்ந்தது.

மிட்டாதாரரையும் ஒப்பந்தக்காரரையும் ஒருபடித்தானவராகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. முன்னவர் நிலத்தின்மீது உரிமை பெற்றவர். பின்னவர் உழைப்பை வழங்கும் பொறுப்பேற்றவர். எனினும், கம்பெனிக்கும் உழைப்பவருக்கும் நடுவே இடையாள் வரும்போது பொறுப்பு மங்குகிறது என்னும் கூறு இரண்டிற்கும் பொதுவானது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ‘கம்பெனி’ என்னும் சொல் இவ்வட்டாரத்தில் ஆட்சி, குழு, தொழில் முயற்சி, பணியிடம் என வரிசையாகப் பொருள் பெற்றது. பழைய பொருள்கள் சில இன்றும் உடன் வாழ்கின்றன. இரண்டாவதாக, உயர்திணைப் பன்மையிலிருந்து அஃறிணை ஒருமைக்கும் இடப்பெயருக்கும் நிகழ்ந்த இலக்கண மாற்றம், மனிதர் சேர்க்கை என்னும் மூலப்பொருள் தேய்ந்ததைக் காட்டுகிறது. மூன்றாவதாக, பேச்சில் இச்சொல் பலபொருள் தருவது இயல்பு; அதனைத் திருத்தவேண்டியதில்லை. ஆனால் பணி ஆணை, ஊதியச் சீட்டு, விபத்து அறிக்கை ஆகியவற்றின் தமிழ் வடிவங்களில் நிறுமம், தொழிற்சாலை, முதன்மை வேலையளிப்பவர், ஒப்பந்தக்காரர் என்னும் சொற்கள் வேறுபடுத்தி ஆளப்பட வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு பேசும் தொழிலாளரோடு வடமாநிலத்தவரும் பணிபுரியும் இவ்வெல்லைப் பகுதியில், தம் பொறுப்பாளர் யார் என்பதைத் தொழிலாளர் தாமே படித்தறிய அது வழிசெய்யும். ‘மில்லு’, ‘ஆபீஸ்’, ‘கம்பெனி’ ஆகிய பணியிடப் பெயர்களை மாவட்டந்தோறும் தொகுத்து ஒப்பிடுவது, தமிழகத் தொழில் வரலாற்றிற்கும் சொற்பொருள் ஆய்விற்கும் ஒருசேரப் பயன்தரும் அடுத்தகட்டப் பணியாகும்.