தண்ணிக்கில்லை, புல்லுக்கு

மின்னேரியாவுக்கு யானை பார்க்கப் போவம் எண்டு வெள்ளவத்தையில ஒரு தேத்தண்ணிக் கடையிலதான் முடிவெடுத்தம். வெயில் காலத்தில் யானைகள் குளத்துக்குத் தண்ணி குடிக்க வருகின்றன என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஜீப் ஓட்டிய அண்ணன் சிரித்தார். "தண்ணிக்கில்லை தம்பி, புல்லுக்கு."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் பெரிய வரலாறு ஒன்று வருகிறது.

மின்னேரியாக் குளத்தைக் கட்டியவன் மகாசேன மன்னன். 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்தவன். நெல்லுக்காகக் கட்டிய குளம் அது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட நீர் மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் ஈரமண் வெளியே தெரியும். அதில் அறுகு போன்ற குட்டைப் புற்கள் முளைக்கும். சுற்றியுள்ள காடு காய்ந்து கிடக்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் குளத்தடி மட்டும் பச்சையாக இருக்கும். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். பகலில் காட்டு நிழலில் ஒதுங்கி, பின்னேரம் புல்லுக்கு இறங்கும். சில ஆண்டுகளில் 200, 300 யானைகள்கூட ஒன்றுகூடியிருக்கின்றன. அந்தப் புல்லை யாரும் விதைக்கவில்லை. ஆனால் வயலுக்குத் தண்ணீர் திறந்தவர்கள்தான், தங்களுக்கே தெரியாமல், அதை வளர்த்தவர்கள்.

பொலன்னறுவை இராச்சியம் வீழ்ந்த பின் குளங்கள் கைவிடப்பட்டன, காடு மூடியது. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் இங்கே வந்தது துப்பாக்கியோடு. சாமுவேல் பேக்கர் தன் வேட்டைப் புத்தகத்தில் மின்னேரியாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 1930களில் குடியேற்றத் திட்டம் வந்தது, வயல்கள் திரும்பின. 1938இல் மின்னேரியா சரணாலயமானது, 1997இல் தேசியப் பூங்கா.

2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. விவசாயிகள் நெடுங்காலம் காத்திருந்த தண்ணீர் அது. ஆனால் அதன் பிறகு சில ஆண்டுகளில் வறண்ட மாதங்களிலும் மின்னேரியாவில் நீர் இறங்கவில்லை. புல்தரை தண்ணீருக்குள் கிடந்தது. யானைகள் குறைகின்றன என்று சூழலியலாளர்கள் எச்சரித்தார்கள். குளத்தில் புல் இல்லாவிட்டால் யானை பட்டினி கிடந்து காத்திருக்குமா? வயலுக்குள் இறங்கும். 2023இல் மட்டும் நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே ஆண்டில் யானை தாக்கி 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் செத்தார்கள்.

அப்ப வேற இடத்தில புல்லை நட்டால் என்ன எண்டு எங்களில் ஒருவர் கேட்டார். உடவளவையைப் பார்த்தால் அது எவ்வளவு சிக்கல் என்று விளங்கும். அங்கே யானைகள் தின்பதில் பெரும்பங்கு கினிப்புல். மாட்டுத் தீனிக்காகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கப் புல் அது. இளசாக இருக்கும்போது நல்ல தீனி, முற்றினால் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கரடாகிவிடும், காய்ந்தால் இலகுவில் தீப்பிடிக்கும். அந்தப் புல்வெளியையும் நாயுண்ணிச் செடி மூடிக்கொண்டு வருகிறது. அழகுக்காகப் பிரித்தானியர் கொண்டுவந்த செடி அது. அதை வெட்டி வேரோடு பிடுங்கினால்தான் மறுபடி புல் வரும். விட்டால் திரும்பவும் செடிதான்.

மின்னேரியாவில் நடவு தேவையில்லை. எந்த மாதத்தில் எவ்வளவு நீர் நிற்க வேண்டும் என்று விவசாயியையும் யானையையும் சேர்த்து யோசித்து முடிவெடுத்தால் போதும். மற்றதை மண் பார்த்துக்கொள்ளும்.

இது எங்கோ தூரத்துக் கதை என்று நாங்கள் சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனைக் கடையில் நாங்கள் வாங்கும் அரிசியில் பொலன்னறுவை அரிசியும் இருக்கிறது. எங்கள் சோறும் யானையின் புல்லும் ஒரே தண்ணீரில்தான் விளைகின்றன.