மரகைபோ ஏரிக்கரை மக்களுக்கு விஞ்ஞானம் பட்ட கடன்

2025 செப்டெம்பர் இறுதி வாரத்தில் சர்வதேச ஊடகங்கள் ஒரு மருத்துவச் செய்திக்குப் பெரும் முக்கியத்துவம் கொடுத்தன. ஹண்டிங்டன் நோயின் வேகத்தை முதற்தடவையாக ஒரு சிகிச்சை மட்டுப்படுத்தியிருக்கிறது என்பதே அந்தச் செய்தி. ஆம்ஸ்டர்டாம் நகரைத் தளமாகக் கொண்ட யுனிகியூர் என்ற நிறுவனம் தயாரித்த மரபணுச் சிகிச்சையை உயர்ந்த அளவில் பெற்றவர்களில், மூன்று வருடங்கள் அவதானிக்கப்பட்ட 12 பேரிடம் நோயின் முன்னேற்றம் 75 சதவீதம் குறைந்து காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மருத்துவர்கள் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்கள். அவர்களின் மகிழ்ச்சி நியாயமானது. ஆனால், நான் வாசித்த செய்தி அறிக்கைகள் எதிலும் வெனிசுவேலா என்ற பெயரைக் காணவில்லை. அந்தப் பெயர் இல்லாமல் இந்த நோயின் வரலாற்றை எழுதமுடியாது என்பதனாலேயே இதை எழுதுகிறேன்.

நோய்க்குப் பெயர் கொடுத்தவர் ஜோர்ஜ் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர். நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் அவரது பாட்டனாரும் தந்தையாரும்கூட மருத்துவர்களாக இருந்தவர்கள். சிறுவயதில் தந்தையாருடன் வண்டியில் சென்றபோது, தாயும் மகளுமான இரு பெண்கள் உடலை முறுக்கியும் முகத்தைச் சுழித்தும் வீதியில் நடந்துவந்ததைக் கண்ட காட்சி தனது மனதைவிட்டு அகலவேயில்லை என்று அவர் பின்னாளில் கூறினார். 1872 ஆம் ஆண்டில், 22 வயது நிறைவதற்கு முன்னரே, அந்த நோய் குறித்து அவர் ஒரு சிறிய கட்டுரையை எழுதினார். மூன்று தலைமுறை மருத்துவர்களின் குறிப்புகள் அவருக்குக் கைகொடுத்தன. ஒரே ஊரில் ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தவர்களினால் மாத்திரமே அந்த உண்மையைக் கண்டிருக்க முடியும்: பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு வரலாம், ஒரு பிள்ளை தப்பிவிட்டால் அந்தக் கிளையில் நோய் அத்துடன் அறுந்துவிடும். மெண்டலின் பட்டாணிச் செடிகளை உலகம் கண்டுகொள்வதற்குப் பல வருடங்களுக்கு முன்னர் எழுதப்பட்டது அது.

நோயின் கொடுமை அது வரும் வயதிலேயே இருக்கிறது. பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள், அதாவது மணம் முடித்துப் பிள்ளைகளும் பெற்ற பின்னரே அது தலைகாட்டுகிறது. கைகால்கள் தாமாக அசைகின்றன. பேச்சு குழறுகிறது. நினைவும் நிதானமும் குலைகின்றன. பதினைந்து, இருபது வருடங்களில் மரணம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படுவதற்கான வாய்ப்பு சரிபாதி. அமெரிக்க மக்கள் பாடகர் வூடி கத்ரி 1967 ஆம் ஆண்டில் 55 வயதில் இறந்தது இந்த நோயினாலேயே. நோய் சரியாக அடையாளம் காணப்படும்வரை அவரைக் குடிகாரர் என்றே பலரும் நினைத்தனர்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லெனோர் வெக்ஸ்லர் என்ற பெண்மணிக்கு நேர்ந்ததும் அதுவே. 1968 இல் ஒரு காலைவேளை வீதியைக் கடந்துகொண்டிருந்த அவரிடம், இந்த நேரத்திலேயே குடித்திருக்கிறாயா என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார். விலங்கியல் படித்த அவரின் தந்தையையும் மூன்று சகோதரர்களையும் கொண்டுசென்ற நோய் அவரையும் தீண்டியிருந்தது. உளப்பகுப்பாய்வாளரான கணவர் மில்டன் வெக்ஸ்லர், அலிஸ், நான்சி என்ற இரு மகள்மாரையும் அழைத்து உண்மையைச் சொன்னார். அத்துடன் நின்றுவிடாமல் பரம்பரை நோய்களுக்கான ஆய்வு நிறுவனம் ஒன்றையும் ஆரம்பித்தார். இளைய மகள் நான்சி அப்போது இருபது வயதைச் சற்றே கடந்திருந்தார்.

மரகைபோ இந்தக் கதைக்குள் வருவது வெனிசுவேலா மருத்துவரான அமெரிக்கோ நெக்ரெற்றேயின் மூலமாக. 1950களின் முற்பகுதியில் மரகைபோ நகருக்கு அருகே சான் லூயிஸ் என்ற ஏழ்மையான குடியிருப்புக்குப் பணிக்குச் சென்ற அவர், பகலிலேயே தள்ளாடித் திரிந்தவர்களைக் கண்டு மதுவே காரணம் என்று முதலில் நினைத்தார். அது குடியல்ல, 'எல் மால்' என்று ஊர்வாசிகள் அவரைத் திருத்தினார்கள். ஸ்பானிய மொழியில் தீமை, பிணி என்று பொருள்படும் சொல் அது. 1955 ஆம் ஆண்டில் அவர் தனது அவதானங்களை வெளியிட்டார். வெளியுலகம் அதைக் கண்டுகொள்வதற்கு மேலும் பதினேழு வருடங்கள் சென்றன. ஹண்டிங்டன் கட்டுரையின் நூற்றாண்டை முன்னிட்டு 1972 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடைபெற்ற மாநாட்டில், அந்தக் குடும்பங்களைப் பற்றிய ஒரு திரைப்படத்தை வெனிசுவேலா மருத்துவர் ஒருவர் காண்பித்தபோது மண்டபம் அதிர்ச்சியில் உறைந்துபோனது. ஐரோப்பிய வம்சாவளியினரிடையே ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்குக் காணப்படும் நோய் அங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்தது. நெக்ரெற்றேயின் பெயர் இன்றும் போதியளவு பேசப்படுவதில்லை என்பது எனது அபிப்பிராயம். கண்டுபிடிப்புகளின் வரலாறு எந்த மொழியில் எழுதப்படுகின்றதோ அந்த மொழியில் பேசுபவர்களையே அது முதலில் நினைவில் வைத்துக்கொள்கிறது.

நான்சி வெக்ஸ்லர் 1979 இல் முதன்முதலாக மரகைபோ ஏரிக்குச் சென்றார். பின்னர் இரு தசாப்தங்களுக்கும் மேலாக ஆய்வுக்குழு வருடாவருடம் அங்கு சென்றது. லகுனேற்றா போன்ற மீனவக் கிராமங்களில் வீடுகள் நீரில் நாட்டிய கால்களின் மீது நிற்கும். படகில் மாத்திரமே போகமுடியும். எவரின் குருதியை எடுத்தாலும் கூடவே யார் பிள்ளை, யார் பேரன் என்ற விபரமும் வேண்டும். அவ்வாறு சேகரிக்கப்பட்ட வம்சாவளி பத்துத் தலைமுறைகளையும் பதினெட்டாயிரத்துக்கும் அதிகமானவர்களையும் உள்ளடக்கியது. நாலாயிரத்துக்கும் அதிகமானவர்கள் குருதி கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த ஏரிக்கரையில் வாழ்ந்த மரியா கொன்செப்சியோன் என்ற ஒரு பெண்ணிடம் சென்று முடிகிறது.

அந்நியர்களுக்கு ஏன் குருதி கொடுக்கவேண்டும் என்று கிராமத்தவர்கள் கேட்டபோது, தனது தாயாருக்கும் இதே நோய் இருந்தது, தனக்கும் வரலாம் என்று நான்சி கூறினார். அவர்கள் நம்பவில்லை. வெள்ளைக்காரர்களுக்கும் இந்த நோய் வருமா? அப்போது உடனிருந்த தாதி ஒருவர் நான்சியின் கையைப் பிடித்து உயர்த்தி, ஆய்வுக்காகத் தோலைச் சிறிதளவு வெட்டியெடுத்த தழும்பை ஒவ்வொருவருக்கும் காட்டினார். அதற்குப் பிறகே கைகள் நீண்டன. அந்த மக்கள் விஞ்ஞானத்தை நம்பிக் குருதி கொடுக்கவில்லை, தங்களைப் போன்ற ஒரு குடும்பத்தின் பெண்ணை நம்பியே கொடுத்தார்கள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

1983 என்றால் எமக்கெல்லாம் ஜூலை மாதமே நினைவுக்கு வரும். அதே வருடம் நவம்பரில்தான் பொஸ்டனில் ஜேம்ஸ் குசெல்லாவின் குழுவினர், நோய்க்குக் காரணமான மரபணு நான்காவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளம் ஒன்றைக் கண்டுபிடித்து அறிவித்தனர். பல வருடங்கள் செல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட தேடல் முதல் ஒரு டசின் அடையாளங்களுக்குள்ளேயே கைகூடியமை பெரும் அதிர்ஷ்டம். அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் தென்பட்ட தடயத்தை ஐயமற நிரூபித்தது ஏரிக்கரைக் குருதியே. ஆனால் அதிர்ஷ்டம் அத்துடன் தீர்ந்துபோனது. தெருவைக் கண்டுபிடித்தவர்களுக்கு வீட்டைக் கண்டுபிடிக்க மேலும் பத்து வருடங்கள் தேவைப்பட்டன. ஆறு ஆய்வுகூடங்களைச் சேர்ந்த 58 விஞ்ஞானிகளின் கூட்டு முயற்சியில் 1993 மார்ச்சில் மரபணு அகப்பட்டது.

அந்தச் செய்தி வந்த நாட்களில் கொழும்பில் நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். ஏப்ரலில் லலித் அத்துலத்முதலியும் மே தினத்தன்று ஜனாதிபதி பிரேமதாசவும் கொல்லப்பட்ட அந்த வருடத்தில் தூரதேசத்து மரபணு ஒன்றுக்கு எமது பக்கங்களில் இடம் தேடுவது இலகுவான காரியமாக இருக்கவில்லை.

கண்டுபிடிக்கப்பட்ட கோளாறு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஒரு வசனத்தில் வரவேண்டிய சொல்லை அச்சுக்கோப்பவர் கைதவறித் திரும்பத் திரும்பக் கோத்துவிட்டதைப் போன்றது. சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் தொடர் அந்த மரபணுவில் 26 தடவைகள் வரை வந்தால் பிரச்சினை இல்லை. 40 அல்லது அதற்கு மேல் வந்தால், வழமையான ஆயுளை வாழ்ந்தால் நோய் நிச்சயம். எண்ணிக்கை கூடக்கூட நோய் இள வயதிலேயே வருகிறது. தந்தை வழியாகக் கடத்தப்படும்போது அந்த எண்ணிக்கை பெருகுவது அதிகம். இவ்வாறு நீண்டுபோன மரபணு உருவாக்கும் ஹண்டிங்டின் என்ற புரதம் நரம்புக்கலங்களை மெல்ல மெல்லச் சாகடிக்கிறது.

ஒரு சொட்டுக் குருதியில் ஒருவரின் எதிர்காலத்தை வாசிக்க முடிந்தது, மாற்ற முடியவில்லை. ஆபத்தில் இருப்பவர்களில் ஐவரில் ஒருவர்கூட சோதனைக்கு முன்வருவதில்லை. அதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லக்கூடாது. குடும்பத்தில் 'பைத்தியம்' இருந்தது என்ற ஒரு கதையே கலியாணப் பேச்சை முறித்துவிடப் போதுமான எமது சமூகத்தில் இது எளிதாக விளங்கும். சோதனைக்கு வழிவகுத்த நான்சியே தன்னைப் பற்றிய கேள்விக்குப் பல வருடங்கள் பகிரங்கமாகப் பதில் சொல்லவில்லை. 2020 மார்ச்சில், 74 வயதில், தனக்கும் அந்த நோய் இருப்பதை அவர் உலகுக்கு அறிவித்தார். சொல்லும்போது அவரது நடையே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆய்வுகூடங்களில் நம்பிக்கை துளிர்த்தது 2000 ஆம் ஆண்டில். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஐ யமமோட்டோவும் ரெனே ஹென்னும் சுண்டெலிகளில் நோய் மரபணுவை வேண்டியபோது அணைக்கக்கூடியதாக அமைத்தனர். அதை அணைத்ததும், நோயுற்றிருந்த எலிகளின் மூளையில் படிந்திருந்த புரதத் திரள்கள் மறைந்தன, நடையும் சீரடைந்தது. மூளை பழுதான பின்னரும் மீட்சி சாத்தியம் என்பது அதுவரை எவரும் துணிந்து சொல்லாத விடயம். புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்துகளுக்கான தேடலுக்கு அது பெரும் உந்துதலாக அமைந்தது.

முள்ளந்தண்டின் வழியாகச் செலுத்தப்படும் டொமினெர்சன் என்ற மருந்து, 46 பேரிடம் நடத்திய முதற் பரிசோதனையில் கெட்ட புரதத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது குடும்பங்கள் கொண்டாடின. 791 பேருடன் நடத்திய பெரும் பரிசோதனை 2021 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்டது. அடிக்கடி மருந்து பெற்றவர்கள் வெறும் நீர் போன்ற போலி மருந்தைப் பெற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தனர். புரதம் குறைந்தால் நோயாளி தேறுவார் என்ற கணக்கு மனிதரில் அவ்வளவு நேரானதல்ல என்று அன்று தெரிந்தது. நோய்க்கென்று அமெரிக்காவில் முதன்முதலாக 2008 இல் அங்கீகரிக்கப்பட்ட டெட்ராபெனசின்கூட உடல் அசைவைத் தணிப்பதே தவிர நோயைத் தடுப்பதல்ல.

2025 ஆம் ஆண்டுச் செய்தியையும் இந்தப் பின்புலத்திலேயே வாசிக்கவேண்டும். தீங்கற்ற ஒரு வைரஸின் மூலம் மருந்தை மூளையின் ஆழத்துக்குச் செலுத்தும் அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் செல்கிறது. சிகிச்சை பெற்றவர்கள் மொத்தம் 29 பேர். ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டவர்கள் வேறோர் ஆய்வின் தரவுத் தொகுப்பில் இருந்தவர்கள். அவ்வாறான ஒப்பீடு போதுமானது என்ற நிலைப்பாட்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இப்போது இல்லை என்று அதே வருடம் நவம்பரில் நிறுவனமே தெரிவிக்கவேண்டியதாயிற்று. கெடுபிடி நியாயமா என்பதை நிபுணர்கள் விவாதிக்கட்டும். 2021 இன் அனுபவம் இருக்கையில் எச்சரிக்கையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

மரகைபோவில் நடந்தது என்ன? 1999 இல் நோயாளிகளைப் பராமரிப்பதற்காக, ஆய்வு நிறுவனத்தின் உதவியுடன் அங்கு 'அன்பும் விசுவாசமும்' என்ற இல்லம் திறக்கப்பட்டது. நோயாளிகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். உடல் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதனால் அவர்களுக்குச் சாதாரண மனிதரைவிடக் கூடுதல் உணவு வேண்டும். பின்னர் அந்த இல்லம் மூடப்பட்டது. நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது உணவும் மருந்தும் அரிதாகி, ஏரிக்கரையில் இருந்து பலர் கொலம்பியாவுக்கும் வேறிடங்களுக்கும் வெளியேறினர். 2017 மே மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் வத்திக்கானில் ஹண்டிங்டன் குடும்பங்களைச் சந்தித்தபோது மரகைபோவில் இருந்தும் சிலர் அழைத்துவரப்பட்டிருந்தனர். ஒளித்து வைக்கப்பட்ட நோய் இனியும் ஒளிந்திருக்கலாகாது என்பதே அந்தச் சந்திப்பின் சுலோகம்.

யுனிகியூர் நிறுவனத்தின் 29 நோயாளிகளும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வைத்தியசாலைகளிலேயே சிகிச்சை பெற்றார்கள். லகுனேற்றாவுக்கு இன்னமும் படகில்தான் போகவேண்டும்.