வாய்க்குள் ஒளிந்திருந்தவர்கள்

எங்கள் கே.கே. நகரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பல் கிளினிக் போர்டு தெரியும். சொத்தைப் பல்லுக்குக் காரணம் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்ற பாக்டீரியா என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் நிறைய பேர். சரி, அதோடு நம் வாயில் குடியிருக்கும் மற்றவர்கள் யார் யார்? அது தெரியவந்த கதையில் ஒரு சென்னைக்காரரும் வருகிறார்.

1683ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லூவன்ஹூக், தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டி, தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்தார். குட்டிக் குட்டியாய் என்னவோ நீந்துகிறது! லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரமாகக் கடிதம் எழுதினார். பல்லே தேய்க்காத ஒரு கிழவரின் வாயைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

பிற்பாடு வந்தவர்கள் பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். 1924ல் கிளார்க் மியூட்டன்ஸைப் பிரித்தெடுத்தது அப்படித்தான். இதில் ஒரு சிக்கல்: தட்டில் வளராதவை கணக்கிலேயே வராது. கையில் சிக்கியவன்தான் திருடன் என்கிற மாதிரி. 2002ல் மியூட்டன்ஸின் ஜீனோம், சுமார் 20 லட்சம் எழுத்துகள், முழுதாகப் படிக்கப்பட்டது. அதுவும் தட்டில் வளர்ந்த ஆள்தானே!

இப்போது நம்மவர். 1966ல் சென்னையில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்து போனவர் சங்கர் பாலசுப்ரமணியன். 1997ல் கேம்பிரிட்ஜில் ஒரு பப்பில் உட்கார்ந்து டேவிட் கிளெனர்மனோடு பேசியதில் அந்த யோசனை உருவானது. 1998ல் சொலெக்ஸா கம்பெனி பிறந்தது. டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கி கண்ணாடிப் பரப்பில் ஒட்டி, ஒவ்வொரு துண்டையும் அதே இடத்தில் பல நகல் எடுக்கவேண்டும். பிறகு நிறம் ஏற்றிய ஏ, டி, ஜி, சி எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேரச்சேர கேமராவில் படம் பிடிக்கவேண்டும். கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் படித்துவிடலாம். 1977ல் ஃபிரெட் சாங்கர் படித்த அதே குட்டி வைரஸைத்தான் (ஃபை எக்ஸ் 174) 2005ல் இவர்களும் முதலில் படித்துக் காட்டினார்கள். சாங்கர் முறையை முந்தியவர் பெயர் சங்கர்! :-)

இப்படி அதிவேக முறைகள் வந்ததும் தட்டில் வளராதவர்களும் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது டிஎம்7. 1990களில் ஜெர்மனியின் ஒரு சதுப்பு நிலத்தில் ஒரு மரபணுத் துண்டாக மட்டுமே தெரிந்தது. அந்தச் சதுப்பு மண் அடுக்கின் பெயர்ச் சுருக்கம்தான் டிஎம்7. 2007ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் க்வேக் குழுவினர் மனித வாயிலிருந்து அதன் தனித்தனி செல்களைச் சின்னஞ்சிறு சிப்பில் பிரித்து, வளர்க்காமலேயே ஜீனோமின் ஒரு பகுதியைப் படித்தார்கள்.

ஏன் தட்டில் வளரவில்லை என்பது 2015ல்தான் புரிந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஒருவழியாக அதை வளர்த்தார்கள், ஆனால் தனியாக அல்ல. இன்னொரு பாக்டீரியாவின் முதுகில் ஒட்டிப் பிழைக்கும் ஒட்டுண்ணி அது. ஜீனோம் வெறும் 7 லட்சம் எழுத்துகள். சொந்தமாக அமினோ அமிலம் செய்யக்கூட வழியில்லை.

ஈறு நோய் உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுவதால் எல்லோரும் இதன்மேல் சந்தேகப்பட்டார்கள். ஆனால் 2021ல் எலிகளில் சோதித்தபோது, இது ஒட்டியிருந்த பாக்டீரியாக்களால் ஈறு வீக்கமும் எலும்புத் தேய்மானமும் குறைவாகவே ஏற்பட்டன. மனிதர்களிலும் அப்படித்தானா என்று இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது.