தன்பியூசயாட்

மியான்மரின் மொன் மாநிலத்தில், மௌலமைனுக்குத் தெற்கே அமைந்த சிறு நகரம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த 415 கி.மீ. நீள சயாம்–பர்மா 'மரண ரயில்பாதை'யின் பர்மா முனை இதுவே. 1942இல் தொடங்கிய பணி, இங்கிருந்தும் தாய்லாந்திலிருந்தும் ஒருசேர முன்னேறி, 1943 அக்டோபர் 17இல் கொங்கொய்த்தாவில் இணைந்தது. இங்கிருந்த போர்க்கைதிகள் முகாம் 1943இல் நேச நாடுகளின் குண்டுவீச்சுக்கே இலக்கானது. நகரின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 3,700க்கும் மேற்பட்ட காமன்வெல்த், டச்சுப் படையினர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஆயினும் பாதை நெடுகிலும் கைதிகளைவிடப் பன்மடங்காக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்களே. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் இவர்களுள் பெருந்தொகையினர். காலரா, மலேரியா, பட்டினி, ஓயாத வேலை ஆகியவை இவர்களைக் கொன்றன. இவர்களுள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறை எங்குமில்லை.