அக்கியும் சேனையும்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் உடம்பில் கொப்புளம் வரிசையாகக் கிளம்பினால், ‘அக்கி வந்திருக்கு, வேளார் வீட்டுல எழுதிட்டு வா’ என்பார்கள். காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதிவிடுவார் குயவர். தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள வழக்கம்தான். இரண்டு மூன்று வாரத்தில் புண் ஆறிவிடும். ஆறுவதற்குக் காரணம் உண்டு. சின்னம்மை வைரஸ் உடம்புக்குள் பதுங்கியிருந்து மறுபடி எழும்புவதுதான் அக்கி; பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே அடங்கும்.

அதே குடும்பத்து இன்னொரு வைரஸ் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். காய்ச்சல் அடித்தால் சிலருக்கு உதட்டோரம் கொப்பளிக்குமே, அது பெரும்பாலும் இதன் வேலை. பெரியவர்களுக்கு நாலு நாள் எரிச்சல், அவ்வளவுதான். பச்சைப் பிள்ளைக்கு அப்படியில்லை. ‘தானா ஆறிரும்’ என்ற அனுபவ அறிவு இங்கே உதவாது.

மருந்து வராத காலத்தில், உள்ளுறுப்புகளுக்கு வைரஸ் பரவிய சிசுக்களில் நூற்றுக்கு 85 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். மூளையை மட்டும் தாக்கியபோது பாதிப்பேர். முதலில் பலன் தந்தது விடராபின். அதன் ஆய்வு முடிவு 1980இல் வந்தது. பிறகு அசைக்ளோவிர். வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனால்தான் விழித்துக்கொள்ளும் மருந்து அது. அதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய ஜெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. 2001இல் வெளியான ஆய்வு அளவைக் கூட்டியது: கிலோவுக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், நரம்பு வழியாக. தோலோடு நின்றால் 14 நாள், உள்ளே பரவினாலோ மூளையைத் தொட்டாலோ 21 நாள். அந்த 85 இப்போது 29 ஆனது. மூளை நோயில் 50 என்பது 4 ஆனது. பிழைத்த பிள்ளைகளின் மூளை வளர்ச்சி அப்போதும் கவலையாகவே இருந்தது. அதற்குப் பின் ஆறு மாதம் வாய்வழி மருந்து கொடுத்தால் வளர்ச்சி மேம்படுகிறது என்று 2011இல் தெரிந்தது.

தொற்று பெரும்பாலும் பிரசவத்தின்போதுதான் வருகிறது. தாய்க்குப் பழைய தொற்று என்றால் அவளது எதிர்ப்பொருள் பிள்ளைக்கும் போயிருக்கும், ஆபத்து குறைவு. கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து. வலி எடுக்கும் நேரத்தில் பிறப்புறுப்பில் புண் இருந்தால் சிசேரியன் பாதுகாப்பு. ஆனால் அதை டாக்டரிடம் சொல்ல நம் பெண்களை நாம் எங்கே விட்டிருக்கிறோம்? வெட்கம் வாயை அடைத்துவிடுகிறது.

பிறந்த பிறகும் வழி உண்டு. தென்மாவட்டங்களில் சேனை வைப்பார்கள். குடும்பத்துப் பெரியவர் விரலில் இனிப்பைத் தொட்டுச் சிசுவின் நாக்கில் வைப்பார். குணம் ஒட்டும் என்பது நம்பிக்கை. உதட்டில் கொப்புளம் இருப்பவரின் எச்சில் விரலிலோ முத்தத்திலோ இருந்தால் வைரஸும் சேர்ந்து ஒட்டும். சேனையை விட்டுவிட்டுத் தாய்ப்பாலோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. தாயின் மார்பில் புண் இல்லையென்றால் பால் கொடுக்கத் தடையில்லை.

கொப்புளமே தெரியாமலும் இந்த நோய் வரும். முதல் ஆறு வாரத்துக்குள் பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சலோ வலிப்போ வந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஹெர்பிஸ் என்று சந்தேகம் வந்தாலே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் அசைக்ளோவிரைத் தொடங்கிவிடுகிறார்கள். அக்கிக்கு எழுதிவிட்டு மூன்று வாரம் பொறுத்திருந்த ஊருக்கு, இந்த அவசரம் புதுசு.